டவுன்டவுன் இலக்கணம்: எழுத்ததிகாரம்

பாயிரம்

நூல்கள் முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூவகைப்படும். இது வழிநூல். முதல்நூலை இயற்றியவர் என் அம்மா. முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழாசிரியையாக இருந்து ஓய்வுபெற்று, ஆறு மாத விசாவில் என் வீட்டுக்கு வந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறரை மணிக்கு ஹூஸ்டன் டவுன்டவுனில் காரைவிட்டு இறங்கினார். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தார். பிறகு தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். அவர் அருளிய முதல்நூல் முழுவதும் இவ்வளவுதான்: "ஏம்ப்பா, கட்டடம் கட்டடமா நிக்குது, ஒரு ஆளக் காணோமே. எல்லாம் மெய்யெழுத்தால்ல இருக்கு?"

அதற்குமேல் அவர் விரிக்கவில்லை. கடை கண்ணி ஏதும் இருந்தால் ஒரு டீ குடிக்கலாம் என்றார். ஒன்றும் திறந்திருக்கவில்லை.

மேற்படிச் சூத்திரத்துக்கு விருத்தியுரை எழுதுவதே என் வேலை. பாயிரத்துக்கு வேண்டிய மற்றவற்றையும் முறைப்படி சொல்லிவிடுகிறேன். ஆக்கியோன்: பகலில் மென்பொருள் எழுதி வயிறு வளர்ப்பவன். எல்லை: வடக்கே சியாட்டில், தெற்கே ஹூஸ்டன், கிழக்கே பாஸ்டன், மேற்கே சான்ஃபிரான்சிஸ்கோ. யாப்பு: கிடையாது. கேட்போர்: "வாங்க, டவுன்டவுன் காட்டுறேன்" என்று பிள்ளைகள் காரில் ஏற்றிக்கொண்டு போக, கண்ணாடி வழியே கட்டடங்களைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும் பெற்றோர். பயன்: எந்த ஊரில் காரைவிட்டு இறங்கலாம், எந்த ஊரில் இறங்க வேண்டாம் என்று தெளிதல்.

பெயராராய்ச்சி

டவுன்டவுன் என்று தமிழில் எழுதியவுடனே ஓர் ஐயம் பிறக்கிறது. இது இரட்டைக்கிளவியா, அடுக்குத்தொடரா? பிரித்தால் பொருள் தராதது இரட்டைக்கிளவி. சலசல என்பதில் ஒற்றைச் சலவுக்குப் பொருள் இல்லை. பிரித்தாலும் பொருள் தருவது அடுக்குத்தொடர். டவுன் என்பதைப் பிரித்தால் பொருள் தருகிறது. ஆகவே அடுக்குத்தொடர் எனின், அன்று. முதல் டவுன் கீழ், இரண்டாம் டவுன் ஊர். இரண்டு வேறு சொற்கள் தமிழ் எழுத்தில் வந்து இரட்டைப் பிள்ளைகள்போல் நிற்கின்றன. இக்குழப்பத்துக்கு ஆங்கிலம் பொறுப்பன்று. நம் எழுத்தின் சிக்கனமே பொறுப்பு.

கீழ் என்றால் எதற்குக் கீழ்? மன்ஹாட்டன் தீவின் தென்முனையில்தான் டச்சுக்காரர்கள் முதலில் குடியேறினார்கள். ஊர் வடக்கு நோக்கி வளர்ந்தது. வடக்கு மேல், தெற்கு கீழ். பழைய ஊரும் வியாபாரமும் கீழே இருந்ததால் அது டவுன்டவுன். நியூயார்க்கில் இன்றும் அது பாதி திசைச்சொல்தான். சப்வே நிலையத்தில் அப்டவுன், டவுன்டவுன் என்று இரண்டு பலகைகள் இருக்கும், தவறான படியில் இறங்கினால் தவறான திசை. மற்ற ஊர்கள் திசையை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் இரவல் வாங்கிக்கொண்டன. 1964இல் பெட்டுலா கிளார்க் பாடி உலகப் புகழ் பெற்ற 'டவுன்டவுன்' பாட்டை எழுதிய டோனி ஹாட்ச் என்ற ஆங்கிலேயரும் ஏமாந்தவர்தான். நியூயார்க்கில் டைம்ஸ் ஸ்கொயரைப் பார்த்துவிட்டு அதுவே டவுன்டவுன் என்று எண்ணிக்கொண்டார். டைம்ஸ் ஸ்கொயர் மிட்டவுன். ஆக, டவுன்டவுனின் புகழ்பெற்ற பாட்டே இடம் மாறிப் பிறந்தது.

பாடபேதங்களும் உண்டு. சிகாகோவில் லூப். ஃபிலடெல்ஃபியாவில் சென்டர் சிட்டி. சார்லட் நகரத்தார் தங்கள் டவுன்டவுனை அப்டவுன் என்கிறார்கள். இதைப் பிழை எனத் தள்ளாமல் மங்கல வழக்காகக் கொள்க.

எழுத்தின் வகை

இனி எழுத்து. கட்டடம் மெய். மாலை ஏழு மணிக்கு மேல் வேலை எதுவும் இல்லாமல் அங்கே நடந்து திரியும் மனிதர் உயிர். அலுவலகத்துக்கு வந்தவர் உயிர் ஆகார். சம்பளத்துக்காக வந்தவர், ஐந்து மணிக்குப் போய்விடுவார். மெய்க்கு மாத்திரை அரை. ஒன்பதிலிருந்து ஐந்துவரை மட்டும் ஒலிக்கும் டவுன்டவுனுக்கும் அரை நாள்தான். இதைவிடப் பொருத்தமான உவமை கிடைக்கும்வரை இதையே வைத்துக்கொள்வோம்.

மெய்யை மெய்யாக வைத்திருப்பது அதன் தலையிலுள்ள புள்ளி. புள்ளியை எடுத்தால் அகரம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். டவுன்டவுனுக்குப் புள்ளி எது? பார்க்கிங் லாட். இது என் அம்மா வெளிப்படையாகச் சொல்லாதது. அவர் கருத்து இதுவே என்று உரையாசிரியன் என்ற உரிமையில் துணிந்து கூறுகிறேன்.

அற்றேல், அஃதாக. உயரமே அழகு என்பாரும் உளராலோ எனின், உளர். அவர்களுக்கு ஒரு வழக்கை நினைவூட்டுவேன். நியூயார்க்கின் ஒன் வேர்ல்ட் டிரேட் சென்டர் 1,776 அடி. அமெரிக்கா விடுதலை அறிவித்த ஆண்டின் எண். ஆனால் அதன் கூரை 1,368 அடியிலேயே முடிந்துவிடுகிறது, மிச்சம் ஊசி. சிகாகோவின் வில்லிஸ் டவர் கூரையோ 1,451 அடி. அந்த ஊசி கட்டடத்தின் உறுப்பான கோபுரநுனியா, வெறும் ஆன்டெனாவா? உயரமான கட்டடங்களுக்கென்றே ஒரு மன்றம் இருக்கிறது, அதுவும் சிகாகோவில். 2013இல் அது கூடி, நுனிதான் என்று தீர்ப்புச் சொல்லி, சொந்த ஊரையே இரண்டாம் இடத்துக்குத் தள்ளியது. சாரியை சொல்லின் பகுதியா, வெறும் ஒட்டா என்று நம் புலவர்கள் போட்ட சண்டைக்கு இது குறைந்ததன்று. ஆனால் ஊசியின் கீழே தெருவில் நிற்பவனுக்கு அதனால் ஆவது என்ன? நடைபாதையிலிருந்து பார்த்தால் முதல் மூன்று மாடியும் ஒரு கதவும்தான் தெரியும்.

ஸ்கைலைனே அழகு என்பார் வேறொரு சாரார். ஸ்கைலைன் என்பது ஊருக்கு வெளியே, ஃப்ரீவேயில் எழுபது மைல் வேகத்தில் போகும்போது கிடைக்கும் காட்சி. டவுன்டவுனுக்குள் நிற்பவனுக்கு அது தெரியவே தெரியாது. முகத்தைப் பார்க்காமல் நிழலைப் பார்த்துப் பெண் பேசி முடிக்கும் கட்சி இது. மேலும் பேச வேண்டியதில்லை.

உயிர்

உயிர் தனித்தியங்கும். அமெரிக்காவில் அப்படி இயங்குவது மன்ஹாட்டன் ஒன்றே. அதில் குறிலும் நெடிலும் உண்டு. தென்முனையில் வால் ஸ்ட்ரீட்டைச் சுற்றிய குறுக்குச் சந்துகள் குறில். டச்சுக்காரர்கள் 1653இல் கட்டிய மதிலால்தான் அந்தத் தெருவுக்கே அப்பெயர். அதற்கு வடக்கே 1811ஆம் ஆண்டுத் திட்டம் கோடு போட்டு வகுத்த நீண்ட அவென்யூக்கள் நெடில். இரவு இரண்டு மணிக்கும் சப்வே ஓடுகிறது, இரண்டரைக்கும் யாரோ ஒருவர் பீட்சா தின்றுகொண்டிருக்கிறார்.

அழகா எனின், உயிரெழுத்து அழகாக இருந்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இகரம் பார்ப்பதற்குக் கோணல்தான். 1811இல் கோடு போட்டவர்கள் பின்சந்துகளை விட்டுவிட்டார்கள். அதனால் உலகத்தின் விலையுயர்ந்த மனைகளுக்கு முன்னாலேயே குப்பைப் பைகள் மலையாகக் குவிந்து கிடக்கின்றன. கட்டடங்கள் படிப்படியாக ஒடுங்கி மேலேறுவதும் ஆசையால் அன்று, சட்டத்தால். 1915இல் ஈக்விடபிள் பில்டிங் என்ற கட்டடம் மனையை முழுக்க அடைத்துக்கொண்டு செங்குத்தாக எழுந்து தெருவை இருட்டாக்கியது. 1916இல் நகரம் சட்டம் போட்டது: உயரமாகப் போகிறாயா, உள்ளே ஒடுங்கிப் போ. பிறகு வந்தவையெல்லாம் கல்யாண கேக் போல அடுக்கடுக்காக ஆயின. கிரைஸ்லர் பில்டிங் மட்டும் ஒடுங்கியும் அடங்கவில்லை. வால் ஸ்ட்ரீட் 40ஆம் எண் கட்டடத்தை முந்துவதற்காகத் தன் கூர்நுனியைக் கட்டடத்துக்குள்ளேயே ரகசியமாகப் பூட்டி வைத்திருந்து, 1929 அக்டோபரில் திடீரென வெளியே தூக்கிக் காட்டியது. 1931இல் எம்பயர் ஸ்டேட் வந்து அந்தக் கர்வத்தையும் அடக்கியது. அமெரிக்க நகரங்களிலே பொறாமையும் ஒரு கட்டுமானப் பொருள் என்க.

உயிர்மெய்

மெய்யின் வடிவும் உயிரின் ஒலியும் சேர்ந்து நிற்பது உயிர்மெய். சிகாகோ, ஃபிலடெல்ஃபியா, பாஸ்டன் மூன்றும் இவ்வினம். இதில் சிகாகோவைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். அழகில் முதல் பரிசை அதற்கே கொடுக்கத் தீர்மானித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

1871இல் எரிந்து சாம்பலான ஊர். சாம்பலின்மேல் திரும்பக் கட்டும்போதுதான் வானளாவி பிறந்தது. வில்லியம் லெ பாரன் ஜென்னி 1885இல் கட்டிய ஹோம் இன்ஷூரன்ஸ் பில்டிங்கில் சுமையின் பெரும்பகுதியைச் சுவர் தாங்கவில்லை, உலோகச் சட்டகம் தாங்கியது. சுவர் வெறும் தோல் ஆனது. அதை 1931இல் இடித்துவிட்டார்கள். ஆனால் பழைய முறையின் கடைசிப் பெரும் சாட்சி இன்றும் நிற்கிறது: மொனாட்நாக், பதினாறு மாடி. 1891இல் முடிந்த வடபாதி முழுவதையும் செங்கல் சுவரே சுமக்கிறது. அடியில் சுவரின் கனம் ஆறு அடி. அந்த ஜன்னல் விளிம்பில் ஒருவர் படுத்து உறங்கலாம். இரண்டையும் அறிந்தவனுக்குச் சட்டகம் என்ற ஒன்று ஊர்களை என்ன செய்தது என்று விளங்கிவிடும். அதே ஊரில் 1970களில், டாக்காவில் பிறந்த ஃபஸ்லுர் ரஹ்மான் கான் என்ற பொறியாளர் ஒன்பது சதுரக் குழாய்களை ஒரே கட்டாகச் சேர்த்து நிறுத்தினார்; அதுதான் மேலே வழக்காடிய வில்லிஸ் டவர், அன்று சியர்ஸ் டவர்.

சிகாகோ ஆறு தன் திசையில் ஓடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குடிநீர் தரும் ஏரியில் சாக்கடை கலந்ததால் 1900இல் கால்வாய் வெட்டி ஆற்றையே எதிர்த்திசையில் திருப்பிவிட்டார்கள். இன்று அதன் கரையில் நடைபாதை, படிக்கட்டு, ஐஸ்கிரீம். தலைக்கு மேலே 1897இலிருந்து வட்டமடிக்கும் எல் ரயில். லூப் என்ற பெயருக்கு உருவமாக நிற்பது அதுவே. வளைவில் திரும்பும்போது அது எழுப்பும் கிறீச்சொலியை இசை என்பவர் அவ்வூரார் மட்டுமே.

இவற்றையெல்லாம்விட என் சித்தாந்தத்துக்கு அரணாக நிற்பது மரீனா சிட்டி. ஆற்றங்கரையில் சோளக்கதிர் போல இரண்டு உருளைகள். 1960களில் பெர்ட்ராண்ட் கோல்ட்பெர்க் கட்டியவை. பணம் போட்டது யார்? கட்டடங்களைக் கூட்டிப் பெருக்கிப் பராமரிக்கும் தொழிலாளர்களின் சங்கம். மக்களெல்லாம் புறநகருக்கு ஓடிவிட்டால் டவுன்டவுனில் கூட்டிப் பெருக்க என்ன இருக்கும் என்று அவர்கள் யோசித்தார்கள். வங்கிக்காரர்களுக்கும் நகரத் திட்டப் பேராசிரியர்களுக்கும் வருமுன் இலக்கணம் விளக்குமாறு பிடித்தவர்களுக்குப் புரிந்திருக்கிறது. அதன் கீழ்மாடிகள் சுழன்றேறும் பார்க்கிங். அதற்கு மேலே வீடுகள். கார்களின் பின்பக்கங்கள் விளிம்பில் வரிசையாகத் தெரியும். புள்ளி கீழே, உயிர் மேலே. தமிழ் எழுத்தில் இவ்வடிவம் இல்லை.

ஃபிலடெல்ஃபியாவுக்கு ஒரு தொப்பியின் வரலாறு உண்டு. நகர மன்றக் கோபுரத்தின் உச்சியில் நகரை நிறுவிய வில்லியம் பென்னின் சிலை நிற்கிறது. அவர் தொப்பிக்கு மேல் யாரும் கட்டக்கூடாது என்று எழுதாத ஒப்பந்தம். 1987இல் ஒன் லிபர்ட்டி பிளேஸ் அதை மீறியது. அதன்பின் அவ்வூர்ப் பெரிய அணிகள் எதுவும் கோப்பை வெல்லவில்லை. பென் சாபம் என்றார்கள். 2007இல், அப்போது மிக உயரமாக எழுந்த காம்காஸ்ட் சென்டரின் உச்சி உத்தரத்தில் சின்னஞ்சிறு பென் சிலை ஒன்றை ஒட்டிவைத்தார்கள். 2008இல் பேஸ்பால் கோப்பை வந்தது. பரிகாரம் என்ற துறை நம் நாட்டுக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்தவர்கள் திருத்திக்கொள்க.

மெய்

மெய் மூவினம். வல்லினத்துக்கு ஹூஸ்டனும் டல்லஸும். முதல்நூல் பிறந்த களம் என்பதால் ஹூஸ்டனுக்கு நீதி செய்ய வேண்டும். அங்கே ஐ. எம். பெய் வரைந்த எழுபத்தைந்து மாடிக் கோபுரம் இருக்கிறது. ஃபிலிப் ஜான்சனின் பென்ஸாயில் பிளேஸ் இருக்கிறது, மிக மெல்லிய இடைவெளி விட்டு ஒன்றையொன்று தொடாமல் நிற்கும் இரண்டு கருங்கண்ணாடிகள். ஒரு வேலைநாளில் ஆகஸ்ட் வெயிலில் நண்பகல் அந்தத் தெருவில் நடந்தேன். காக்கை குருவி இல்லை. பிறகு ஒரு நண்பர் லிஃப்டில் கீழே கூட்டிப்போனார். அங்கே இருந்தது ஹூஸ்டன்! தெருவுக்குக் கீழே ஏறத்தாழ ஆறு மைல் சுரங்கப்பாதை. முடிவெட்டும் கடை, செருப்புக் கடை, சாப்பாட்டுக் கடை, வரிசையில் நிற்கும் கூட்டம். குளிரூட்டிய பாதாளம். ஆனால் மாலையானால் பூட்டு, வார இறுதியானால் பூட்டு. அம்மா வந்தது ஞாயிற்றுக்கிழமை.

மினியாபொலிஸ் இதன் மறுதலை. வெப்பத்துக்கு அஞ்சி ஹூஸ்டன் பூமிக்குள் போயிற்று. குளிருக்கு அஞ்சி மினியாபொலிஸ் இரண்டாம் மாடிக்கு ஏறிற்று. 1962இல் தொடங்கிய கண்ணாடிப் பாலங்கள் இன்று ஒன்பது மைலுக்கு மேல் கட்டடங்களைக் கோத்திருக்கின்றன. இரண்டு ஊரிலும் தெருவுக்கு மிஞ்சியது கார்தான்.

புள்ளி எப்படி விழுந்தது என்றால், போருக்குப் பின் குடும்பங்கள் புறநகருக்குப் போயின. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் நெடுஞ்சாலைகள் வந்தன. அவற்றின் வழியே கார்கள் காலையில் வந்து நின்றன. பழைய கட்டடத்துக்கு வரி அதிகம், செலவு அதிகம். இடித்துத் தார் ஊற்றினால் வரி குறைவு, வசூல் தினம். நாளைக்கு யாராவது கோபுரம் கட்ட வருவார் என்று காத்திருந்தார்கள். 1970களின் ஹூஸ்டனை வானிலிருந்து எடுத்த படங்களில் கட்டடம் எங்கே என்று தேட வேண்டியிருக்கும், அவ்வளவு புள்ளி. ஒன்று நியாயமாகச் சொல்ல வேண்டும்: அந்தப் புள்ளிகளில் சிலவற்றை அழித்து 2008இல் டிஸ்கவரி கிரீன் என்று ஒரு பூங்கா வைத்தார்கள். மாலையில் குழந்தைகள் ஓடுகிறார்கள். அம்மாவை அங்கே அழைத்துப்போகாதது என் பிழை, ஊரின் பிழை அன்று.

மெல்லினம் மூக்கில் பிறப்பது. சான்ஃபிரான்சிஸ்கோ பனிமூட்டத்தால் இவ்வினம். சியாட்டில் 1907இலிருந்து நடக்கும் பைக் பிளேஸ் மீன் சந்தையால் நேரடியாகவே இவ்வினம். அந்தச் சந்தையையும் இடிக்கப் பார்த்தார்கள். 1971இல் ஊரார் வாக்களித்துத் தடுத்தார்கள்.

இடையினம்: கொலம்பஸ், இண்டியானாபொலிஸ், சார்லட் முதலியன. குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் குறை. இடையினத்தில் ழகரமும் உண்டே எனின், அது சின்சினாட்டி. ஒஹாயோ ஆற்றின்மேல் ஜான் ரோப்ளிங் 1860களில் கட்டிய தொங்குபாலம் அங்கே இருக்கிறது. புரூக்ளின் பாலத்துக்கு அது மூத்த பிள்ளை. ழகரத்தைப் போலவே அயலூரார் பலருக்கு இவ்வூர் வாயில் வருவதில்லை.

சார்பெழுத்து

ஆய்தம் ஒன்றே ஒன்று, மூன்று புள்ளி. பிட்ஸ்பர்க். அலகேனியும் மனாங்கஹீலாவும் கூடி ஒஹாயோ ஆகும் முக்கோண முனையில் அதன் டவுன்டவுன் உட்கார்ந்திருக்கிறது. அதற்குள் நுழையும் விதம் வேறெந்த ஊருக்கும் இல்லை. ஃபோர்ட் பிட் சுரங்கச் சாலையில் மலைக்குள் இருட்டில் போய்க்கொண்டே இருப்போம். சுரங்கம் முடிந்த அந்தக் கணமே பாலத்தின்மேல் இருப்போம், எதிரே முழு ஊரும் ஆறுகளும் மஞ்சள் பாலங்களும். மேலே ஸ்கைலைன் கட்சியைப் பழித்த நான் இங்கே வாயடைத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. 1940களில் எஃகாலைப் புகையால் நண்பகலில் தெருவிளக்கு ஏற்றிய ஊர் இது.

அளபெடை லாஸ் ஏஞ்சலஸ். ஒலி நீண்டுகொண்டே போகும், எங்கே முடிகிறது என்று யாருக்கும் தெரியாது. அதன் கோபுரங்களுக்கு ஒரு விசேஷம்: பெரும்பாலும் மொட்டை. 1974இலிருந்து 2014வரை, உயரமான கட்டடத்தின் உச்சியில் தீயணைப்புக்காக ஹெலிகாப்டர் இறங்கத் தட்டையான இடம் வேண்டும் என்று விதி. கூம்பு கிடையாது, குடுமி கிடையாது. நாற்பதாண்டுக் காலம் ஒரு நகரமே முடியிறக்கிக்கொண்டு நின்றது.

குறுக்கம் என்பது ஒலிக்க வேண்டிய அளவில் குறைந்து ஒலிப்பது. வாஷிங்டன். அங்கே நாடாளுமன்றக் குவிமாடத்தை மிஞ்சக்கூடாது என்பதே விதி என்று டாக்சிக்காரர்கள் சொல்வார்கள்; அது பாட்டிக்கதை. 1894இல் கெய்ரோ என்ற அடுக்ககம் 164 அடிக்கு எழுந்து அண்டை வீட்டாரைக் கலக்கியது. அதன்பின் வந்ததே தடை; 1910ஆம் ஆண்டுச் சட்டப்படி தெருவின் அகலமும் இருபது அடியும் கூட்டினால் எவ்வளவோ அவ்வளவு உயரம். விளைவு: தெருவில் வானம் தெரிகிறது, அது நன்று. எல்லாரும் அனுமதித்த அங்குலம்வரை நிரப்பியதால் கே ஸ்ட்ரீட் முழுக்க அட்டைப்பெட்டி அடுக்கியது போல இருக்கிறது, அது நன்றன்று.

குற்றியலுகரத்தை எழுதக் கை வரவில்லை. ஒரு மாத்திரை அரையாவது இலக்கணம். டெட்ராய்ட்டில் அதனினும் குறைந்தது. 1950இல் ஊரின் மக்கள்தொகை பதினெட்டரை லட்சம். 2020இல் ஆறு லட்சத்து முப்பத்தொன்பதாயிரம். 2013இல் நகரமே திவாலானது. எழுத்து மட்டும் அப்படியே நிற்கிறது: 1929ஆம் ஆண்டு கார்டியன் பில்டிங்கின் உள்ளே போய் அந்த ஓட்டுக் கூரையை ஒருமுறை பார்த்தவர், அழகு என்ற சொல்லை வேறு டவுன்டவுனுக்குச் செலவழிக்கக் கொஞ்சம் தயங்குவார். அதே டவுன்டவுனில் மிஷிகன் தியேட்டர். 1926இல் திறந்த அரண்மனை போன்ற திரையரங்கு. படம் பார்க்க ஆள் வராமல் போய், 1970களில் உள்ளே குடைந்து கார் நிறுத்துமிடமாக்கினார்கள். சுவரை இடித்தால் ஒட்டியிருக்கும் அலுவலகக் கட்டடமும் சாயும் என்பதால் மேல்கூரையை விட்டுவைத்தார்கள். இன்றும் பொன்வேலைப்பாட்டுச் சாந்துக் கூரைக்குக் கீழே, கிழிந்த திரைச்சீலைக்குப் பக்கத்தில் கார்கள் நிற்கின்றன. 1896இல் ஹென்றி ஃபோர்டு தம் முதல் காரைச் செய்த கொட்டகை இருந்த மனையும் அதுவே. புள்ளியின் பிறப்பிடத்திலேயே புள்ளி வந்து விழுந்தது.

ஆயினும் 2024இல், முப்பத்தாறு ஆண்டு மூடிக் கிடந்த மிஷிகன் சென்ட்ரல் ரயில் நிலையக் கட்டடம் திறந்தது. 1957க்குப் பிறகு முதன்முறையாக 2023இல் மக்கள்தொகை சற்றே ஏறியது என்று கணக்கெடுப்புத் துறை சொன்னது. ஒலி கேட்கிறது.

துணைக்கால் என ஒன்று தனியே நிற்குமோ எனின், நிற்கும்: செயின்ட் லூயிஸ். ஆற்றங்கரையில் நாற்பது பிளாக் பழைய கட்டடங்களை இடித்துத் தள்ளி, 1965இல் 630 அடி உயரமும் 630 அடி அகலமும் உள்ள எஃகு வளைவு ஒன்றை நிறுத்தினார்கள். அப்படியே நம் துணைக்கால்தான். நெடிலாக்க வேண்டிய மெய்யையெல்லாம் இடித்துவிட்டுக் காலை மட்டும் போட்டால் என்ன என்று வாசிப்பது?

புணரியல்

டவுன்டவுனும் பக்கத்துப் பேட்டையும் சேரும் இடத்தில் பெரும்பாலும் ஒரு ஃப்ரீவே நிற்கும். இவற்றைப் புணர்த்த மூன்று விகாரம்.

தோன்றல், டல்லஸ்: பள்ளத்தில் ஓடும் ஃப்ரீவேயின்மேல் மூடிபோட்டு 2012இல் ஐந்து ஏக்கர் பூங்கா தோன்றிற்று. திரிதல், பாஸ்டன்: 1959இல் ஊரின் நெஞ்சில் தூக்கி நிறுத்திய மேம்பாலச் சாலையைப் பூமிக்குள் சுரங்கமாகத் திரித்தார்கள், 2007இல் முடிந்தது, செலவு ஏறக்குறைய 1,500 கோடி டாலர். கெடுதல், சான்ஃபிரான்சிஸ்கோ. கெடுதல் என்றால் இலக்கணத்தில் மறைந்துபோதல், ஊர்வழக்கில் தீங்கு. கடற்கரையை மறைத்து நின்ற எம்பார்கடேரோ இரட்டையடுக்குச் சாலையை இடிக்கலாமா என்று 1986இல் மக்களைக் கேட்டார்கள், வேண்டாம் என்றார்கள். 1989 அக்டோபர் 17இல் பூமி குலுங்கியது. சாலை விழவில்லை, ஆனால் ஓட்டத் தகாததாயிற்று. 1991இல் இடித்தார்கள். 1898ஆம் ஆண்டு ஃபெரி பில்டிங்கும் கடலும் ஒருசேரத் தெரிந்தன, பனைமரமும் டிராமும் பிறகு வந்து சேர்ந்தன. கெடுதலால் விளைந்த நன்மைக்கு அமெரிக்காவில் இதைவிட மேற்கோள் இல்லை.

புறனடை

கூறாத ஊர்களையும் கூறியவற்றின்படியே கொள்க. மயாமி, அட்லாண்டா, டென்வர்க்காரர்கள் மனம் புண்பட வேண்டாம். விசா முடிந்துவிட்டது, அம்மாவுக்கு விமானம் பிடிக்க வேண்டியிருந்தது.

போவதற்கு முந்தைய வாரம் அவரை ஆஸ்டினுக்கு அழைத்துப்போனேன். டவுன்டவுனின் தென் ஓரத்தில் காங்கிரஸ் அவென்யூ பாலம். 1980இல் அதைப் புதுப்பித்தபோது அடியில் விட்ட இடுக்குகளில் வௌவால்கள் குடியேறின. கோடையில் பதினைந்து லட்சம்வரை இருக்கும் என்கிறார்கள். முதலில் விரட்டப் பார்த்த ஊர், இப்போது பாய் விரித்து உட்கார்ந்து பார்க்கிறது. அலுவலகங்கள் மூடிய நேரம். பாலத்தின் மேல் கைப்பிடியோரம் முழுக்க மனிதர்கள், தோளில் பிள்ளைகள், கையில் பாப்கார்ன். சூரியன் இறங்கியதும் பாலத்தடியிலிருந்து கறுப்புப் புகைபோல அவை கிளம்பி ஆற்றின்மேல் கிழக்கே போயின. வெகுநேரம் போய்க்கொண்டே இருந்தன.

ஆஸ்டினை வல்லினத்தில் வைத்திருந்தேன். ஹூஸ்டன் கண்ணாடி, டல்லஸ் கண்ணாடி, அதே கண்ணாடி. காரில் வரும்போது அம்மாவிடம் சொன்னேன்.

"ஆளுங்க இருந்தாங்கல்ல?"

"அவங்க வௌவால் பார்க்க வந்தவங்கம்மா."

"எதுக்கோ வந்தாங்க. அதுவும் உயிர், இதுவும் உயிர். எடுத்து உயிர்மெய்யில போடு."

போட்டுவிட்டேன்.